உற்றவள்: மருந்து அதிகாரத்தை மீண்டும் வாசித்தல்

இரண்டாமாண்டு இளங்கலை வகுப்பில் திருக்குறளின் மருந்து அதிகாரம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசிக் குறளுக்கு வந்திருந்தோம். நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவன் என மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டு என்கிறது அந்தக் குறள். பரிமேலழகர் இந்த நான்கையும் தனித்தனியே நான்காகப் பிரித்துப் பதினாறாக விரிக்கிறார். உற்றவன், அதாவது நோயாளி, எப்படி இருக்க வேண்டும்? அவனிடம் பொருள் இருக்க வேண்டும். மருத்துவன் சொற்படி நடக்க வேண்டும். தன் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று எடுத்துச்சொல்ல வேண்டும். மருந்து தரும் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நான்காவது நினைவுக்கு வராமல் நின்றேன். பதினைந்து வருடமாக நடத்தும் பாடம். முன்பெஞ்சு மாணவி புத்தகத்தைப் பார்த்து எடுத்துக்கொடுத்தாள். பின்னாலிருந்து இன்னொருத்தி கேட்டாள்: “பொருளுடைமைதான் முதல்னா, காசு இல்லாதவங்க நோயாளியே இல்லையாம்மா?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு மணி அடித்ததும் வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இந்தக் கட்டுரை.

2021 மே மாதம் எனக்குக் கொரோனா வந்தது. மருத்துவமனையில் சேரும் அளவுக்கு இல்லை. பதினைந்து நாளில் ‘நெகட்டிவ்’ வந்தது. அதற்குப் பிறகு வந்தவற்றுக்குத்தான் கணக்கில்லை. எழுந்து நின்றால் நெஞ்சு படபடக்கும். இரண்டு மாடி ஏறினால் மறுநாள் முழுக்கப் படுக்கை. வாக்கியத்தின் நடுவில் சொல் தொலைந்துபோகும். ஒரு பத்தியை மூன்று முறை வாசித்தாலும் பொருள் தங்காது. சொல்லை வைத்துப் பிழைப்பவளுக்கு இதைவிடப் பெரிய சேதம் என்ன இருக்கிறது?

இந்த நிலைக்கு ‘லாங் கோவிட்’ என்ற பெயரை முதலில் வைத்தது மருத்துவ உலகம் அல்ல. 2020 மே மாதத்தில் எலிசா பெரேகோ என்ற இத்தாலியத் தொல்லியல் ஆய்வாளர், தானே நோயுற்றிருந்தபோது, ட்விட்டரில் அப்படிக் குறிப்பிட்டார். உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு வரையறை தந்தது 2021 அக்டோபரில். பெயருக்கும் வரையறைக்கும் இடைப்பட்ட அந்தப் பதினேழு மாதங்களில், தம் உடம்பில் நடப்பது உண்மைதான் என்று நிரூபிக்கும் வேலையையும் நோயாளிகளே செய்ய வேண்டியிருந்தது.

*

இந்த நோய்க்கென்று அனுமதிக்கப்பட்ட மருந்து எனக்கு எழுதித்தரப்படவில்லை. அப்படி ஒன்று இருக்கவும் இல்லை. வேறு நோய்களுக்காக அனுமதி பெற்ற மருந்துகளை மருத்துவர் தன் அனுபவத்தையும் கிடைக்கிற ஆய்வுகளையும் வைத்துத் தன் பொறுப்பில் எழுதித்தருகிறார். இதை ‘ஆஃப்-லேபிள்’ என்பார்கள். மருந்தோடு வரும் தாளில் எந்த நோய்க்கு என்று அச்சிட்டிருக்கிறதோ, அதற்கு வெளியே அந்த மருந்தைப் பயன்படுத்துவது என்று பொருள். இது திருட்டுத்தனமோ போலி வைத்தியமோ அல்ல. குழந்தை மருத்துவத்திலும் மகப்பேற்று மருத்துவத்திலும் அன்றாடம் நடப்பதுதான்.

எனக்கு எழுதித்தரப்பட்ட இரண்டில் ஒன்று நால்ட்ரெக்சோன். 1984இல் அமெரிக்காவில் அபின் வகை போதைப் பழக்கத்துக்காக அனுமதிக்கப்பட்டது. பின்னர் குடிப்பழக்கத்துக்கும் வந்தது. வழக்கமான அளவு 50 மில்லிகிராம். அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை, அதாவது 4.5 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாக, தசைநார் வலி நோயான ஃபைப்ரோமயால்ஜியாவுக்குச் சிலர் கொடுத்துப் பார்த்தார்கள். 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் பங்கேற்றவர்கள் 31 பேர், அனைவரும் பெண்கள். இன்னொன்று ஐவாப்ரடின். இதய நோய்க்கான மாத்திரை. எழுந்து நின்றால் இதயம் தறிகெட்டு ஓடும் ‘பாட்ஸ்’ என்ற நிலைக்கு இது உதவுகிறதா என்று பார்த்த, 2021இல் வெளிவந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் 22 பேர். அவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள். முடிவுகள் நம்பிக்கை தருபவை. ஆனால் 31 பேரையும் 22 பேரையும் வைத்து எந்த அரசும் ஒரு மருந்துக்கு அனுமதி தந்துவிடாது.

பெரிய ஆய்வு ஏன் எளிதில் நடப்பதில்லை என்பதற்கான காரணம் உடலியலில் இல்லை, வணிகத்தில் இருக்கிறது. பழைய மருந்து. காப்புரிமை முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். பல கோடி செலவழித்து ஆய்வு நடத்திப் புதிய பயனை நிரூபிக்கும் நிறுவனத்துக்கு அதனால் தனி லாபம் எதுவும் கிடைக்காது. ஆய்வு இல்லை என்பதால் அனுமதி இல்லை. அனுமதி இல்லை என்பதால் காப்பீடும் இல்லை, அரசுப் பட்டியலிலும் இடம் இல்லை. அமெரிக்காவில் இந்தச் சிறிய அளவைத் தனியாகத் தயாரித்துத் தரும் மருந்தகங்கள் உண்டு. அங்கும் பெரும்பாலான நோயாளிகள் கைக்காசைப் போட்டுத்தான் வாங்குகிறார்கள்.

இங்கே பரிமேலழகரிடம் திரும்பலாம். மருந்துக்கு அவர் சொல்லும் நான்கு தன்மைகளில் முதலாவது, பல பிணிகளுக்கும் அது ஏற்றதாக இருப்பது. ஒரு மருந்து ஒரு நோய்க்கு மட்டுமே என்று அவர் கருதவில்லை. ஆஃப்-லேபிள் என்று இன்று தனிப்பெயரிட்டு அழைப்பது அவருடைய உரையில் நல்ல மருந்தின் இலக்கணமாகவே இருக்கிறது. அதே பட்டியலில் இன்னொரு தன்மையும் இருக்கிறது: மருந்து எளிதில் கிடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

எளிதில் கிடைப்பது மருந்தின் குணம். பொருள் உடைமை நோயாளியின் குணம். உரை அப்படித்தான் பிரித்துவைக்கிறது. காட்டில் வேர் பறித்துக் கஷாயம் வைத்த காலத்தில் இந்தப் பிரிவினை பொருந்தியிருக்கலாம். இன்று ஒரு மாத்திரை எளிதில் கிடைக்கிறதா என்பதை அந்த மாத்திரை தீர்மானிப்பதில்லை. உரிமம் தருகிறவர்கள், பட்டியல் போடுகிறவர்கள், விலை வைக்கிறவர்கள் தீர்மானிக்கிறார்கள். மருந்தின் குணமாகவும் நோயாளியின் குணமாகவும் இவற்றை வாசிக்கும்வரை, தீர்மானிக்கிறவர்கள் யாரும் உரைக்குள் வருவதே இல்லை. என் மாணவியின் கேள்வி சரியாக இந்த இடத்தில்தான் குத்துகிறது.

*

முதலில் பொருள். பரிமேலழகரின் பட்டியல் வாக்படரின் ‘அஷ்டாங்க ஹிருதயம்’ தரும் பட்டியலோடு ஒத்துப்போகிறது. அங்கும் நோயாளி செல்வம் உடையவனாக இருக்க வேண்டும். அதற்கும் முந்திய சரக சம்ஹிதையில் செல்வம் இல்லை. அந்த இடத்தில் நினைவாற்றல் இருக்கிறது. மருத்துவர் சொன்னதை நோயாளி மறக்காமல் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. எனக்கு இரண்டுமே இல்லை. நினைவைக் கொரோனா கொண்டுபோனது. செல்வம் ஏற்கெனவே இல்லை.

சுயநிதிப் பிரிவில் வேலை. சம்பளம் மாதம் 24,000 ரூபாய். இப்படி மருந்து எழுதித்தரச் சம்மதித்த மருத்துவர் வேறு ஊரில் இருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஆலோசனைக் கட்டணம் 800, பேருந்துக்கு 400. உடம்பு முடியாமல் எடுக்கும் விடுப்புக்குச் சம்பளம் பிடிப்பார்கள். மாத்திரைகளையும் சேர்த்தால் மாதம் 5,000 ரூபாயை ஒட்டி ஆகிறது. என்னிடம் காப்பீட்டு அட்டை இருக்கிறது. தனியார் காப்பீடுகள் பெரும்பாலும் ஒரு நாளாவது மருத்துவமனையில் படுத்திருந்தால்தான் பணம் தரும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் அடிப்படையில் மருத்துவமனைச் சிகிச்சைக்கானது. வீட்டில் படுத்துக்கிடக்கும் நோய்க்கு, வெளிநோயாளிச் சீட்டில் வாங்கும் மாத்திரைக்கு, இரண்டிலும் இடமில்லை.

என் மாமியாருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அவருடைய மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. கொண்டுவருபவர் எங்கள் தெருவுக்கான பெண் தன்னார்வலர். நல்ல திட்டம். மருந்தை வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்ப 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை உருவாக்கிய மாநிலம் இது. பெயருள்ள நோய்க்கு இங்கே மருந்து வீடு தேடி வரும். பெயர் உறுதியாகாத நோய்க்காரி அதே வாசலில் நின்று, மாமியாருக்கான மாத்திரையைக் கையெழுத்துப் போட்டு வாங்குகிறாள்.

வீட்டில் யாரும் ‘வாங்காதே’ என்று சொல்லவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில் நாம் ஒரு கொடுமைக்காரக் கணவனைத் தேடிப் பழகியிருக்கிறோம். கணவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “இதைச் சாப்பிட்டா சரியாயிடும்னு டாக்டர் உறுதியாச் சொன்னாரா?” அவர் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. உறுதி இல்லாத ஒன்றுக்கு வீட்டுப் பணத்தை எடுக்க ஒரு பெண்ணுக்குத் தைரியம் வருவதில்லை. மகனின் பயிற்சி வகுப்புக் கட்டணத்துக்கு யாரும் உறுதி கேட்பதில்லை. மூன்றாவது மாதத்திலிருந்து மாத்திரைச் செலவை மளிகைக் கணக்கில் சேர்த்து எழுதத் தொடங்கினேன். பருப்பும் எண்ணெயும் விலை ஏறியதாகக் கணக்கு நோட்டில் இருக்கிறது.

*

இரண்டாவது, மருத்துவன் சொற்படி நடப்பது. மருந்துக்கடையில் சீட்டை நீட்டியபோது கடைக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “வீட்டுக்காரருக்கா மேடம்? சாப்பாட்டுல கலந்து குடுக்கறதுன்னா அது தப்பு. அவருக்குத் தெரிஞ்சுதான் குடுக்கணும்.” அவரைக் குறைசொல்ல மாட்டேன். குடியை நிறுத்தும் மாத்திரை கேட்டு அந்தக் கடைக்கு வரும் பெண்களை அவர் தினம் பார்க்கிறார். எனக்குத்தான் என்றேன். பிறகு அவர் என்னைப் பார்த்த விதம் வேறு. அடுத்த மாதம் மூன்று தெரு தள்ளி வேறு கடைக்குப் போனேன்.

ஒரு மருந்துத் தாள் பிரதி என்றால், அதற்கு வெளியே வாசிக்க யாருக்கு அனுமதி? மருத்துவருக்கு உண்டு. பெண்ணுக்கு? வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. 1986இல் பிரேசிலில் வயிற்றுப்புண்ணுக்கான மிசோப்ரோஸ்டால் விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது, கரு கலையும் என்று எச்சரிக்கை. கருக்கலைப்புக்குக் கடும் தடை இருந்த நாட்டில் ஏழைப் பெண்கள் அந்த எச்சரிக்கையைத் தலைகீழாக வாசித்தார்கள். செய்தி வாய்வழியாகப் பரவியது. 1991இல் அரசு விற்பனையைக் கட்டுப்படுத்தியது. பின்னாளில் ஆய்வுகள் அந்தப் பெண்களின் வாசிப்பை உறுதிசெய்தன. பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கைத் தடுக்க அதே மாத்திரையை உலக சுகாதார நிறுவனம் 2011இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சொற்படி நடக்காத பெண்களிடமிருந்து மருத்துவம் கற்றுக்கொண்ட பாடம் இது.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. தாளுக்கு வெளியே போவது எப்போதும் பெண்ணுக்கு நன்மையாக முடிந்ததில்லை. மார்பகப் புற்றுநோய்க்கான லெட்ரோசோலை இந்தியாவில் குழந்தையின்மைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தினார்கள். குழந்தைக்கு ஏங்கும் பெண்கள் கேள்வி கேட்கமாட்டார்கள் என்ற துணிச்சல் அதில் இருந்தது. 2011 அக்டோபரில் அந்தப் பயன்பாட்டுக்கு அரசு தடை விதித்தது. சில ஆண்டுகள் கழித்துத் தடை நீங்கியது. மருந்து நல்லதா கெட்டதா என்பது ஒரு கேள்வி. தன் உடம்பில் நடப்பது சோதனை என்று அந்தப் பெண்ணிடம் யாராவது சொன்னார்களா என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

அரசுக்கும் இந்த வாசிப்பு தெரியாததல்ல. 2020 ஜூன் 13 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட கொரோனா சிகிச்சை நெறிமுறையில், மூட்டுவாதத்துக்கான டோசிலிசுமாப் ஊசி ஆஃப்-லேபிள் என்ற குறிப்போடு இடம்பெற்றது. மறு ஆண்டு, 2021 ஜூன் 12 அன்று, அந்த மருந்துக்கான ஜிஎஸ்டியை முழுவதும் நீக்கினார்கள். சாவு கண்ணுக்கு எதிரே நின்றபோது பட்டியலும் வரியும் இவ்வளவு விரைவாக மாறின. சாகாமல் மிச்சமிருந்தவர்களுக்காக அந்த விரைவு காட்டப்படவில்லை.

*

மூன்றாவது, நோய் நிலையை எடுத்துச்சொல்வது. எனக்கு மிகவும் நெருக்கமான குணம் இது. மிகவும் காயப்படுத்தியதும் இதுதான்.

சங்கப் பாடல்களில் பெண்ணின் நோய் என்றாலே நமக்குக் காமநோய்தான் நினைவுக்கு வரும். அதை ஒட்டி வரும் வெறியாட்டுப் பாடல்களை நான் இப்போது வேறு மாதிரி வாசிக்கிறேன். மகள் மெலிகிறாள். தாய்க்குக் காரணம் தெரியவில்லை. கட்டுவிச்சியைக் கேட்கிறாள். முருகு அணங்கியது என்று சொல்லப்படுகிறது. வேலன் வருகிறான், களம் இழைக்கிறார்கள், பலி கொடுக்கிறார்கள். வெறிபாடிய காமக்கண்ணியார் என்ற பெண்புலவர் பாடிய அகநானூற்று 22ஆம் பாட்டில், காதலன் வந்து நோய் தீர்ந்த பிறகு, தொடர்பே இல்லாத வேலனுக்காக இவ்வளவும் செலவானதை நினைத்துத் தலைவி சிரிக்கிறாள். குடும்பம் பெருஞ்செலவு செய்து வாங்கியது தவறான நோயறிதல். நோயாளியைத் தவிர எல்லோரும் நோயைப் பற்றிப் பேசினார்கள். அவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

என் களத்துக்கு வந்த வேலன்கள் படித்தவர்கள். ஒருவர் ரத்தசோகை என்றார். ஒருவர் மாதவிடாய் நிற்கும் வயது என்றார். ஒருவர் என்னிடம் பேசாமல் கணவரைப் பார்த்து, “வீட்ல ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டார். ஒவ்வொருவருக்கும் கட்டணம் கொடுத்தோம். ஸ்கேன் எடுத்தோம். எல்லாம் ‘நார்மல்’. தமிழில் முனைவர் பட்டம் பெற்று, உணர்வுகளுக்குச் சொல் தேடுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அந்த அறையில் ‘அசதியா இருக்கு டாக்டர்’ என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை.

வேறு பெண்கள் இதைச் சேர்ந்து செய்தார்கள். நோயாளிகளே ஆய்வாளர்களாக மாறி நடத்திய ஒரு கணக்கெடுப்பு 2021இல் மருத்துவ இதழில் வெளியானது. 56 நாடுகளிலிருந்து 3,762 பேர் பதில் எழுதியிருந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். 203 அறிகுறிகளைப் பட்டியலிட்டுக் கேட்டிருந்தார்கள். அதை வாசித்த இரவில், மறுநாள் நேர்ச்சோர்வு, சொல் மறத்தல், நெஞ்சுப் படபடப்பு என்று என் உடம்பையே அச்சில் பார்த்தேன். அதை அச்செடுத்துக்கொண்டு போன பிறகுதான் ஒரு மருத்துவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்ததும், அச்செடுக்க ஒரு கல்லூரி நூலகம் இருந்ததும் எனக்கு வாய்த்த பொருளுடைமை.

*

நான்காவது, பொறுத்துக்கொள்வது. வகுப்பில் நான் மறந்த குணம் இதுதான் என்பதை இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது. பெண்களுக்குச் சொல்லித்தரவே தேவையில்லாத குணம் அல்லவா.

பெண் உடம்பு மருந்தை எப்படித் தாங்குகிறது என்று மருத்துவம் நீண்டகாலம் கேட்டதே இல்லை. 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருத்தரிக்கும் வயதுப் பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றது. 1993இல்தான் அது மாறியது. தூக்க மாத்திரையான சோல்பிடெம் பெண்களின் உடம்பில் அதிக நேரம் தங்குகிறது என்று கண்டு, பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5ஆகக் குறைத்தது 2013இல். அதுவரை பெண்கள் சாப்பிட்டது ஆணின் அளவை. தாளில் அச்சிட்டிருப்பதே நம்மைப் பார்த்து எழுதப்படாதபோது, நாம் சாப்பிட்ட மருந்தில் பாதி தாளுக்கு வெளியேதான் இருந்திருக்கிறது.

பொறுத்துக்கொள்வதோடு கவனித்துக்கொள்வதும் சேர்ந்துவிடுகிறது. அந்தக் குறளில் உற்றவன், தீர்ப்பான், உழைச்செல்வான் மூவரும் ஆண்பால். நோயாளியின் பக்கத்தில் நிற்பவன்கூட ஆண். நம் வீடுகளில் உழைச்செல்வான் ஒருவனை நான் இலக்கியத்தில்தான் பார்த்தேன். புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையில் வரும் பிரமநாயகம் பிள்ளை. ஜவுளிக்கடைச் சம்பளத்தில், சென்னையின் ஒரு மூலையில், நோயாளி மனைவிக்குச் சமைத்துப் போட்டுப் பணிவிடை செய்கிறவர். தமிழின் மிகச் சிறந்த கதைகளில் ஒன்று. ஏழ்மையும் நோயும் ஒரே அறையில் எப்படிக் குடியிருக்கும் என்று அதைப் போலக் காட்டிய கதை குறைவு. ஆனால் 1943இல் வந்த அந்தக் கதை முழுதும் அவருடைய கண்ணால்தான் நகர்கிறது. செல்லம்மாளின் நோய்க்குப் பெயர் இல்லை. அவள் உள்ளே என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாமலேயே அவள் செத்துப்போகிறாள். அவருடைய பொறுமை இலக்கியமாகிறது. அவளுடைய பொறுமை கதையின் பின்னணியாக நிற்கிறது. பல ஆண்டுகள் இதை வகுப்பில் நடத்தியும் எனக்கு இது உறைக்கவில்லை. நானே படுத்த பிறகுதான், செல்லம்மாள் சொல்லியிருந்தால் இந்தக் கதை எப்படி இருந்திருக்கும் என்று தோன்றியது.

பெரும்பாலான வீடுகளில் உற்றவளும் உழைச்செல்பவளும் ஒருத்திதான். மாமியாரின் மாத்திரையை வேளைக்கு எடுத்துக்கொடுத்துவிட்டு என் மாத்திரையை மறந்த நாட்கள் உண்டு.

*

எங்கள் துறையைக் கூட்டிப் பெருக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். அவருக்கும் 2021இல் வந்தது. அதற்குப் பிறகு மூன்றாம் மாடிக்கு வாளி தூக்க முடியவில்லை. பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறார். ஒருநாள் என் மேசையில் மாத்திரை அட்டையைப் பார்த்துக் கேட்டார்: “இது சாப்பிட்டுத்தான் உங்களுக்குத் தேவலையாச்சா? ரெண்டு குடுங்கம்மா, நானும் போட்டுப் பாக்கறேன்.”

கொடுக்கவில்லை. கொடுத்திருக்கவும் கூடாது. சில வலி மருந்துகளோடு நால்ட்ரெக்சோன் சேர்ந்தால் ஆபத்து. முதுகுவலிக்கு அவர் எந்த மாத்திரை போடுகிறார் என்று அவருக்கே தெரியாது. என் மூன்று மாத முன்னேற்றம் மருந்தால் வந்ததா, காலத்தால் வந்ததா என்று எனக்கும் தெரியாது. எல்லாம் சரிதான். ஆனால் இந்தக் காரணங்களை எல்லாம் நான் அடுக்கிச் சொன்னபோது, என் வாயிலிருந்து வந்தது எனக்கு மருத்துவர்கள் சொன்ன அதே தொனி. அவர் தலையாட்டிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு சனிக்கிழமை அவரோடு அரசு மருத்துவமனைக்குப் போனேன். மூன்று மணி நேர வரிசை. உள்ளே இரண்டு நிமிடம். இரும்புச்சத்து மாத்திரையும் பி காம்ப்ளக்சும் தந்தார்கள். ரத்தம் குறைவாகத்தான் இருந்தது, அது தேவைதான். எழுந்து நின்றால் துடிப்பு எவ்வளவு கூடுகிறது என்று பார்க்கச் சொல்லிக் கேட்டேன். அதற்கு ஒரு கட்டில், ஒரு கருவி, பத்து நிமிடம் போதும். வெளியே நின்ற கூட்டத்தைக் கைகாட்டினார் அந்த இளம் மருத்துவர். அவரும் பெண்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம். அவரிடம் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. அன்றைய கூலி போனதுதான் அக்காவுக்கு மிச்சம்.

பரிமேலழகரின் நான்கு குணங்களில் அக்காவிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. அவர் சொற்படி நடப்பார். தன் உடம்பை என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்: “படியில ஏறும்போது நெஞ்சுக்குள்ள கோழி அடிச்சுக்குது” என்றார். பொறுமையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பொருள் மட்டும் இல்லை. அந்த ஒன்று இல்லாததால் மற்ற மூன்றும் எங்கும் பதிவாகவில்லை. எந்த ஆய்விலும் எந்தக் கணக்கெடுப்பிலும் அவர் இல்லை. ஆம், காசு இல்லாதவர்கள் நோயாளியாகவே எண்ணப்படுவதில்லை. என் மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

எனவே உரையை மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. பொருளுடைமையை நோயாளியின் குணங்களிலிருந்து நீக்கிவிடலாம். அது அரசின் கடமைகளில் சேர வேண்டியது. காப்புரிமை முடிந்த பழைய மருந்துகளைப் புதிய நோய்களுக்குச் சோதிக்கும் செலவை லாபம் தேடாத பொதுப்பணம் ஏற்க வேண்டும். அந்தச் சோதனைகளில் பெண்கள் இருக்க வேண்டும், ஒப்புதலோடு, என்ன நடக்கிறது என்று தெரிந்து. பயன் நிரூபணமானால் இலவசப் பட்டியலில் வர வேண்டும். நிரூபணமாகாவிட்டால் அதையும் நமக்குச் சொல்ல வேண்டும், மளிகைக் கணக்கில் மறைத்து வாங்குவதையாவது நிறுத்துவோம். வெளிநோயாளிச் சீட்டுக்கும் காப்பீடு வேண்டும். எளிதில் கிடைப்பது மருந்தின் இயல்பு என்றால், அந்த இயல்பைக் கெடுப்பவர் யார் என்று கேட்பதும் உரையாசிரியரின் வேலைதான்.

அடுத்த பருவத்தில் அதே அதிகாரம் மீண்டும் வரும். பாடத்திட்டம் மாறவில்லை. மறக்காமல் இருக்க, நான்கு குணங்களையும் சிறு அட்டையில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். பொருளுடைமைக்குப் பக்கத்தில் அந்த மாணவியின் கேள்வியையும் எழுதியிருக்கிறேன். இந்த முறை மணி அடித்தாலும் பதில் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.